பின் கதவு ஸ்பீக்கரை நாமே மாற்றலாமா? (ஸ்விஃப்ட் 2014, காரைக்குடிப் பக்கம்)

கோட்டையூர்வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட். பாட்டு செட்டும் நாலு கதவு ஸ்பீக்கரும் கம்பெனியில் வந்தவையே. ஆறு மாதமாக இடது பின் கதவில் கரகரவென்று ஒரு சத்தம். சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம்.

அந்த இடத்தில்தான் என் அப்பத்தா உட்காருவார். 84 வயது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, உறவில் கல்யாணம், படைப்பு என்று மாதத்தில் நாலைந்து தடவை வண்டியில் வருவார். பாட்டு போட்டால் "என்னப்பா பாடுறான், ஒண்ணும் விளங்கலையே" என்கிறார். அவருக்காகக் கூட்டினால் முன்னால் எங்கள் காது அடைக்கிறது, பின்னால் கரகரப்பும் கூடுகிறது.

ஊரில் ஒரு கடையில் காட்டினேன். நாலையும் மாற்றி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போடுங்கள், கப்ளரை (ஒயர் செருகும் இணைப்பை) வெட்டித்தான் ஒயர் இணைக்க வேண்டும் என்றார்கள். கம்பெனி ஒயரை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் மிக்ஸி, ஃபேன் எல்லாம் நானே பிரித்துப் பார்ப்பவன். பின் கதவு இரண்டை மட்டும் நானே மாற்ற முடியுமா? முன்பின் செய்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் பையன்:

அண்ணே, செய்யலாம். ஆனால் பின் ஸ்பீக்கருக்குக் காசு போடுவது வீண். பாட்டு நமக்கு முன்னாலிருந்து வர வேண்டும், கச்சேரி மேடை மாதிரி. பின் சத்தம் அதைக் கலைத்துவிடும். நான் என் வண்டியில் ஃபேடரை (சத்தத்தை முன்னும் பின்னும் பிரிக்கிற அமைப்பை) முழுக்க முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தக் காசில் முன்பக்கம் நல்ல காம்போனென்ட் செட் (தனித்தனி ஸ்பீக்கர் கூட்டு) போடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, வாங்குவதற்கு முன்னால் வியாதி எது என்று பாருங்கள். கரகரப்பு ஸ்பீக்கரில்தான் என்று யார் சொன்னது? நான் பார்த்தவற்றில் பாதி, டோர் பேட் (கதவின் உள்பக்க பிளாஸ்டிக் மூடி) க்ளிப் உடைந்து பிளாஸ்டிக் தகரத்தில் தட்டுகிற சத்தமாக இருக்கும்.

ஃபேடரை முழுக்கப் பின்னால், பேலன்ஸை முழுக்க இடது பக்கம் வையுங்கள். இப்போது அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும். டோர் பேடை உள்ளங்கையால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது கரகரப்பு நின்றால் க்ளிப் கோளாறு, பத்து இருபது ரூபாயில் முடியும். நிற்காவிட்டால் பேடைக் கழற்றி, செட்டை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கோனை (நடுவில் அதிரும் புனலை) நாலு விரலால் சுற்றிலும் சமமாக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். நல்ல ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் போய் வரும். உரசுகிற சத்தம் விரலுக்கே தெரிந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) தட்டுகிறது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். கோனைச் சுற்றியிருக்கும் விளிம்பு கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதுவும் நன்றாக இருந்தால் இடது, வலது ஸ்பீக்கரை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கரகரப்பு ஸ்பீக்கரோடு போகிறதா, கதவிலேயே நிற்கிறதா? கதவிலேயே நின்றால் கதவு திறந்து மூடும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் போகிற ஒயரைச் சந்தேகப்படுங்கள். பத்து வருடம் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி:

புதுவயல் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்வது தனியாக ஓட்டுகிறவருக்குச் சரி. நம் பக்கத்தில் வண்டி தனியாக எப்போது போகிறது? முன்னால் ஒருவர் ஓட்டுவார், பின்னால் மூன்று பேர், மடியில் ஒரு பிள்ளை. வண்டி வாங்கியதே பின்னால் உட்காருகிறவர்களுக்காக. அவர்களுக்குப் பாட்டு விளங்க வேண்டாமா?

என் மாமியாருக்காக நான் என் வண்டியில் பின் ஸ்பீக்கர் இரண்டையும் நானே மாற்றினேன். அப்போது ஒன்று கற்றுக்கொண்டேன். வயதானால் காதில் முதலில் குறைவது மேல் ஸ்தாயி ஒலிதான். ச, க, த, ப எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. நாம் சத்தத்தைக் கூட்டுவோம், கூடுவது பாஸ், அதாவது அடி ஒலி. அவர்களுக்கு அது இரைச்சல்.

கம்பெனி பின் ஸ்பீக்கர் பெரும்பாலும் ஒற்றைக் காகிதக் கோன். மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரே கிடையாது. அந்தச் சொல்லின் கூர்மை அதிலிருந்து வரவே வராது. அப்பத்தாவுக்கு ட்வீட்டரை நடுவிலேயே வைத்த கோஆக்சியல் ஸ்பீக்கர் போடுங்கள். செட்டில் பாஸை இரண்டு புள்ளி குறைத்து ட்ரெபிளை (மேல் ஸ்தாயியை) ஒன்று கூட்டுங்கள். சத்தத்தைக் கூட்டாமலே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, கதவு ஸ்பீக்கர் இருப்பது கெண்டைக்கால் உயரத்தில். சேலை மடிப்பு, பை, தண்ணீர்க் குடுவை எல்லாம் அதன் முன்னால்தான் இருக்கும். மேல் ஸ்தாயி ஒலி நேராகத்தான் போகும், துணி அதைக் குடித்துவிடும். ட்வீட்டரைக் கொஞ்சம் திருப்பி வைக்கிற மாடல்கள் வருகின்றன. அதை மேல்நோக்கி, காதைப் பார்க்கிற மாதிரி திருப்பிவிடுங்கள்.

கழனிவாசல் 4ஓம்:

ஆச்சி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எதை வாங்குவது என்பதற்கு மட்டும் என் பங்கு.

பெட்டியில் 250 வாட், 300 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். அது ஒரு நொடி தாங்குகிற உச்சம். பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தாங்குகிற அளவு. உங்கள் கம்பெனி செட் 4 ஓம் (மின்தடை) ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுக்கக்கூடியது சுமார் 15 முதல் 20 வாட்தான், செட்டின் மேல் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சடித்திருந்தாலும். அதனால் ஆர்எம்எஸ் 30, 40 உள்ள ஸ்பீக்கர் போதும்.

இரண்டாவது சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, டிபியில் (டெசிபெல்) எழுதியிருக்கும். ஆம்ப் இல்லாத செட்டுக்கு இதுதான் உயிர். 3 டிபி கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். 87 டிபி உள்ள விலையுயர்ந்த ஸ்பீக்கர், 91 டிபி உள்ள சாதாரண ஸ்பீக்கருக்கு முன்னால் உங்கள் செட்டில் சோர்ந்து போகும். 90க்கு மேல் பாருங்கள். ஆம்ப் போடச் சொல்லி வருகிற யோசனையில் பாதி இந்த எண்ணைப் பார்த்து வாங்காததால் வருவதுதான்.

மூன்றாவது ஆழம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகரத்திலிருந்து கண்ணாடி வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். புது ஸ்பீக்கரின் காந்தம் கம்பெனி ஸ்பீக்கரை விடக் குண்டு. கண்ணாடி இறங்கும்போது அதில் தட்டினால் கண்ணாடி போய்விடும். இடம் போதாவிட்டால் ஸ்பேசர் வளையம் வைத்து வெளியே தள்ளலாம்.

ஓம் 4ஆகவே இருக்கட்டும். பழைய ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர்வண்டி:

ரஸ்தா அண்ணன் சொன்னபடி பார்த்தேன். டோர் பேடை அழுத்தியபோது கரகரப்பு நிற்கவில்லை. கழற்றிக் கோனை அழுத்தினால் மணல் அரைபடுகிற மாதிரி விரலில் தெரிகிறது. வலது பக்கமும் திறந்தேன். அதில் உரசல் இல்லை, ஆனால் விளிம்பு ஒரு இடத்தில் மொரமொரவென்று காய்ந்து வெடித்திருக்கிறது. பத்து வருடம் நம் ஊர் வெயிலில் நின்ற வண்டி. இரண்டையும் மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். ட்வீட்டர் திரும்புகிற 6.5 அங்குல கோஆக்சியல், 91 டிபி. கூடவே இந்த வண்டிக்கு உள்ள கப்ளர் ஒயரும் தனியாகக் கிடைத்தது. கம்பெனி ஒயரை வெட்ட வேண்டியதே இல்லை.

புதுவயல் பையன்:

ஆச்சி சொன்னதை யோசித்தேன். எங்கள் வீட்டு ஐயாவும் பின்னால்தான் உட்காருவார். நான் ஃபேடரை முன்னால் தள்ளி வைத்ததால் அவர் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஒரு சந்தேகம். டிக்கி மேல் இருக்கிற தட்டில் 6க்கு 9 அங்குல ஓவல் ஸ்பீக்கர் இரண்டு போட்டால் காதுக்கு நேராகவே வருமே? கதவைப் பிரிக்கவும் வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா:

வேண்டாம் தம்பி. டிக்கி தனியாக உள்ள செடான் வண்டியில் பின் கண்ணாடிக்குக் கீழே தகரம் இருக்கிறது, அதில் திருகலாம். டிக்கி தனியாக இல்லாத ஹேட்ச்பேக்கில் அந்தத் தட்டு வெறும் அட்டை, இரண்டு கொக்கியில் நிற்கிறது. இரண்டு மூன்று கிலோ காந்தத்தை அதன் மேல் வைத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் போகும்போது சடன் பிரேக் போட்டால், அது நேராக வந்து விழுவது ஐயாவின் பின்மண்டையில். சத்தத்துக்காக ஆளை இழக்கக் கூடாது.

கோட்டையூர் தம்பிக்கு வேலை செய்யும் முறை. பேட்டரி நெகட்டிவை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். அதற்கு முன் கண்ணாடியை மேலே ஏற்றிவிடுங்கள், பிறகு ஏற்ற முடியாது.

டோர் பேடில் திருகு இருக்கும் இடங்கள் கண்ணுக்குப் படாது. கைப்பிடிக் குழிக்குள், உள் ஹேண்டிலுக்குப் பின்னால், சின்ன பிளாஸ்டிக் மூடிக்கு அடியில். எல்லாம் எடுத்த பிறகும் பேட் வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், இன்னொரு திருகு எங்கோ இருக்கிறது. பிறகு கீழ் மூலையில் பிளாஸ்டிக் நெம்புகோலை விட்டு க்ளிப் க்ளிப்பாக விடுவிக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். கீழேயும் பக்கமும் விட்டதும் பேடை மேலே தூக்கினால் வந்துவிடும். கண்ணாடி சுவிட்ச் கப்ளர், ஹேண்டில் கேபிள் இரண்டும் பின்னால் மாட்டியிருக்கும், பேடைத் தொங்கவிடாதீர்கள். க்ளிப் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். ஆறு க்ளிப் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் இல்லாமல் கையால் சுற்றுகிற கண்ணாடி உள்ள வண்டிக்காரர்கள் கவனிக்க: அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் குதிரைலாட வடிவில் ஒரு கம்பி க்ளிப் இருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் பழைய பனியன் துணியை நுழைத்து இடமும் வலமும் இழுத்தால் அது வந்துவிடும். தெறித்து ஓடும், துணியிலேயே பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை வண்டி பாடியில் எர்த் கொடுக்கவே கூடாது. இந்தக் காலத்து செட்டில் பிளஸ், மைனஸ் இரண்டிலும் கரன்ட் வரும். பாடியில் தொட்டால் செட்டின் ஐசி (சிப்) புகைந்துவிடும்.

செம்மண்சாலை:

எல்லோரும் ஸ்பீக்கரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவம் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைப் பற்றியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் என் வண்டியில் இதே வேலையைச் செய்தேன். பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பாலிதீன் தாள் இருந்தது. ஏதோ பேக்கிங் தாள் என்று நினைத்துக் கிழித்து எறிந்துவிட்டேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் தேவகோட்டை போய் வந்தேன். மறுநாள் காலையில் பின் மிதியடியைத் தூக்கினால் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிறது. கார்ப்பெட் நாறி, அதைக் காயவைக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது சகஜம். கண்ணாடி ஓரமாக உள்ளே போய்க் கீழே ஓட்டை வழியாக வெளியேறும். அந்தத் தண்ணீர் பேடு பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். பசையைக் கத்தியால் மெதுவாக அறுத்து, ஸ்பீக்கருக்கு வேண்டிய அளவு மட்டும் விலக்கி, முடிந்ததும் அப்படியே ஒட்டிவிடுங்கள். கையில் செம்மண் தூசியோடு பசையைத் தொட்டால் மறுபடி ஒட்டாது.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொன்றும் உண்டு. கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளில் செம்மண் அடைத்துக்கொள்ளும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே சளக் சளக் என்று சத்தம் வந்தால் அதுதான். கதவைப் பிரித்த கையோடு ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.

எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் ஸ்பேசர் வெட்டிப் போடச் சொல்வார்கள். தண்ணீர் பட்டால் ரஸ்க் மாதிரி உப்பிவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு கோட் வார்னிஷ், அல்லது பிளாஸ்டிக் வளையம்.

கோட்டையூர்வண்டி:

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. இடது கதவுக்கு மூன்று மணி நேரம், வலது கதவுக்கு 50 நிமிடம்.

வீட்டு வாசலில் வேப்ப மர நிழலில் வண்டியை நிறுத்தி, கழற்றிய பேடை உள்ளே ஆத்தங்குடிக் கல் தரையில் போர்வை விரித்து வைத்தேன். திருகுகளுக்கு அப்பத்தாவே ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொண்டுவந்து கொடுத்து, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலிதீன் தாளை விலக்கியதும் கதவுக்குள் பார்த்தேன். அடியில் விரல் கனத்துக்குச் செம்மண் படிந்து காய்ந்து பாளமாக இருந்தது. செம்மண்சாலை அண்ணன் சொல்லாவிட்டால் நான் அங்கே கை வைத்திருக்கவே மாட்டேன். மூன்று ஓட்டையில் இரண்டு அடைப்பு. ஈர்க்குச்சியால் குத்தி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியதும் சிவப்பாக ஒழுகி, பிறகு தெளிவாக வந்தது.

பழைய ஸ்பீக்கரைக் கையில் எடுத்ததும் ஆச்சரியமாக இருந்தது, எடையே இல்லை. காந்தம் ஒரு முறுக்கு அளவு. திருகு ஒன்று கதவுக்குள் விழுந்துவிட்டது. அந்தப் பழைய காந்தத்தையே நூலில் கட்டி உள்ளே இறக்கினேன், ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஸ்பீக்கரைச் சுற்றிலும் ஒரு பட்டை நுரை ஒட்டினேன், பேடின் வலைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சந்து இல்லாமல். சத்தம் பேடுக்குள்ளே சுற்றாமல் நேராக வெளியே வருகிறது.

ஒரே ஒரு குறை. சொல் பளிச்சென்று விளங்குகிறது, ஆனால் மிருதங்கம் அடிக்கும்போது அடிநாதம் இல்லை, பழையதை விடக் குறைவு. புது ஸ்பீக்கர் பழக நாளாகுமா?

கழனிவாசல் 4ஓம்:

பழகுவதால் இவ்வளவு மாறாது. ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போகிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. பாஸ்தான் முதலில் காணாமல் போகும். பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பாஸ் கூடினால் இதுவேதான்.

எது தப்பு என்று பார்க்க, ஸ்பீக்கர் கப்ளரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்றை ஒரு கணம் மட்டும் தொடுங்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கர் பிளஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. பெரும்பாலான ஸ்பீக்கரில் அகலமான தகடு பிளஸ், ஒடுங்கியது மைனஸ். கப்ளரில் எந்த முள் பிளஸ் என்பதற்குப் பழைய ஸ்பீக்கரையே இதே மாதிரி செல் வைத்துப் பாருங்கள். அதில் கோனை வெளியே தள்ளுகிற முள்தான் பிளஸ். தூக்கிப் போட்டுவிடவில்லையே?

கோட்டையூர்வண்டி:

இல்லை அண்ணே, கிண்ணத்துப் பக்கத்திலேயே இருந்தது. நீங்கள் சொன்னது சரி. இடது பக்கம் ஒயரின் நிறத்தை நம்பி மாட்டியிருந்தேன். கப்ளர் ஒயரில் நிறம் கம்பெனி நிறத்தோடு பொருந்தவில்லை. இடது டோர் பேடை மறுபடி கழற்றி மாற்றி மாட்டினேன், இந்தத் தடவை 20 நிமிடம். மிருதங்கம் வந்துவிட்டது.

நேற்று அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போனேன். கோடை பண்பலையில் ஏதோ பழைய சாமிப் பாட்டு. முன்னால் நாங்கள் பேசுகிற அளவுக்குத்தான் சத்தம் வைத்திருந்தேன். குன்றக்குடி தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அவர் கூடவே பாடுகிற குரல் கேட்டது. இரண்டாவது அடியில் பாடகர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்கிறார் என்றார். நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்திருக்கிறார்.

கானாடுகாத்தான் ஆச்சி:

கேட்கவே நிறைவாக இருக்கிறது தம்பி. அப்பத்தாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். ட்வீட்டரை எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?

கோட்டையூர்வண்டி:

மேலேயும் கொஞ்சம் அவர் காதுப் பக்கமாகவும், ஆச்சி. அவரை உட்காரவைத்து, பேடை மாட்டுவதற்கு முன்னால் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் வைத்தேன்.

புதுவயல் பையன்:

அண்ணே, நானும் ஐயாவுக்காக அடுத்த வாரம் ஆரம்பிக்கிறேன். என் வண்டியில் ஸ்பீக்கர் திருகுக்குப் பதில் ரிவெட் அடித்திருக்கிறார்கள். எப்படி எடுப்பது?

தேவகோட்டை ரஸ்தா:

ரிவெட் தலையின் நடுவில் ட்ரில்லை வைத்து, தலை கழன்று வரும் வரை மட்டும் ஓட்டுங்கள். தகரத்தின் ஓட்டை பெரிதாகக் கூடாது. சீவல் கதவுக்குள் விழும், கீழே பழைய துணி அடைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தில் இரும்புச் சீவலைக் காந்தத்தால் எடுங்கள். தகரம் வெளியே தெரிகிற இடத்தில் ஒரு சொட்டு பெயின்ட் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும். அந்த ஓட்டையில் பிளாஸ்டிக் கிராமெட் (திருகைப் பிடிக்கும் செருகி) போட்டுத் திருகலாம், அதிர்வும் குறையும். ஆழத்தை அளந்துவிட்டீர்களா?

புதுவயல் பையன்:

கண்ணாடி இறக்கி அளந்தேன், 58 மி.மீ. வாங்கப் பார்க்கிற ஸ்பீக்கர் 62.

கழனிவாசல் 4ஓம்:

12 மி.மீ. பிளாஸ்டிக் வளையம் போடுங்கள், 8 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பேடை மாட்டிப் பார்த்து, ட்வீட்டர் உள்பக்க வலையில் தட்டவில்லை என்று உறுதி செய்த பிறகு திருகை இறுக்குங்கள்.